குவேசார் தன்னைச் சுற்றியுள்ள வாயுவை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே கருந்துளை தன் கேலக்ஸியையும் தாண்டி, லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கு வாயுவைச் சூடாக்கும் என்று சொன்னால்தான் கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

குவேசார்னா என்னங்க? நட்சத்திரமா, கருந்துளையா?

இரண்டும் இல்லை. ஒரு கேலக்ஸியின் நடுவே இருக்கும் பெருங்கருந்துளையை நோக்கி ஏராளமான வாயு விழும்போது, அந்த வாயு நேராக உள்ளே போவதில்லை. ஒரு வட்டாகச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, பிரகாசமாக ஒளிர்கிறது. அந்த ஒளிரும் நடுப்பகுதிதான் குவேசார். கருந்துளையின் நிறை பத்துக் கோடி சூரியன், நூறு கோடி சூரியன் என்ற அளவில் இருக்கும்.

பார்வைக்கு நட்சத்திரம் போலத்தான் தெரியும். 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, அதன் வரிகள் சுமார் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிரபஞ்சம் விரிவதால், தூரம் கூடக்கூட இந்த நகர்வும் கூடும். அப்படியென்றால் தூரம் 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல். அவ்வளவு தொலைவில் இருந்தும், பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களின் தொலைநோக்கியில் அது ஒரு மங்கிய புள்ளியாகத் தெரிகிறது. கன்னி ராசிப் பக்கம் தேட வேண்டும்.

எல்லாத்தையும் விழுங்குற கருந்துளை எப்படி வெளிச்சம் தரும்?

வெளிச்சம் வருவது கருந்துளையின் எல்லைக்கு வெளியே இருக்கும் வட்டிலிருந்து. ஆழமான ஈர்ப்புப் பள்ளத்தில் விழும் பொருள், எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே தன் நிறையில் சுமார் 10 சதவீதத்துக்கு ஈடான சக்தியைக் கதிர்வீச்சாக விட்டுவிடுகிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான். ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவு வாயு விழுந்தாலே ஒரு லட்சம் கோடிச் சூரியன்களின் ஒளியைத் தாண்டிவிடும்.

விண்வெளி வெற்றிடம்தானே? "சுற்றியுள்ள வாயு"ன்னு எதைச் சொல்றீங்க?

மூன்று இடத்து வாயுவைச் சொல்கிறோம். முதலாவது, கேலக்ஸிக்கு உள்ளேயே இருக்கும் குளிர்ந்த மேகங்கள். நட்சத்திரங்கள் பிறப்பது இங்கே. இரண்டாவது, கேலக்ஸியைச் சுற்றிச் சில லட்சம் ஒளியாண்டு தூரம் பரவிக் கிடக்கும் ஒளிவட்ட வாயு. இதில் பத்தாயிரம் டிகிரியில் இருப்பதும் உண்டு, பத்து லட்சம் டிகிரியைத் தாண்டியதும் உண்டு. மூன்றாவது, கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள இன்னும் மெல்லிய வாயு.

ஒளிவட்ட வாயுவில் ஒரு கன மீட்டருக்குச் சில நூறு அணுக்கள் இருந்தாலே பெரிய விஷயம். ஆனால் அது நிரப்பும் இடம் பிரம்மாண்டமானது என்பதால், மொத்த நிறை கேலக்ஸியின் நட்சத்திரங்கள் அனைத்துக்கும் ஈடாக வரக்கூடும். நாளைய நட்சத்திரங்களுக்கான கையிருப்பு இதுதான். இது குளிர்ந்து உள்ளே இறங்கினால் கேலக்ஸி வளரும், சூடாகவே நின்றுவிட்டால் வளர்ச்சி ஓய்ந்துவிடும். ஆகவே இந்தப் பக்கத்தில் "வாயு" என்று சும்மா சொன்னால் பெரும்பாலும் இந்த ஒளிவட்டத்தையே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு மெல்லிய வாயுவை எப்படிப் பார்க்கிறார்கள்?

பழைய வழி, இன்னொரு தூரத்துக் குவேசாரைப் பின்விளக்காகப் பயன்படுத்துவது. அதன் ஒளி நடுவில் உள்ள ஒளிவட்டத்தைக் கடந்து வரும்போது ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் ஆகியவை தத்தம் அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும். 2009-ல் ஹபிள் தொலைநோக்கியில் பொருத்திய புறஊதா நிறமாலைமானி இந்த வேலையை வெகுவாக வளர்த்தது. கோடிக்கணக்கான டிகிரியில் இருக்கும் வாயு தானாகவே எக்ஸ்-கதிரில் ஒளிரும். அதற்குச் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆகிய விண்கலங்கள் இருக்கின்றன.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணி ஒளி சூடான வாயுவைக் கடக்கும்போது, அங்குள்ள எலக்ட்ரான்கள் அதன் சக்தியைச் சற்றே உயர்த்திவிடும். சுன்யாயேவ்–செல்டோவிச் விளைவு என்று இதற்குப் பெயர். இது வாயுவின் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் என்பதால், "குவேசார் உண்மையில் எவ்வளவு சூட்டை உள்ளே செலுத்தியிருக்கிறது?" என்ற கேள்விக்கு மிக நேரான அளவுகோல் இதுவே. ஆயிரக்கணக்கான குவேசார்களின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இந்தச் சிறு சைகையைத் தேடுகிறார்கள். சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கியைத் தனியொரு மிகப் பிரகாசமான குவேசாரின் மேல் திருப்பியும் தேடியிருக்கிறார்கள்.

கேலக்ஸியோடு ஒப்பிட்டால் கருந்துளை ஒரு புள்ளி. அது மொத்தக் கேலக்ஸியையும் எப்படிப் பாதிக்க முடியும்?

ஈர்ப்பால் முடியாது. கேலக்ஸியின் மையத்தில் குவிந்திருக்கும் நட்சத்திரங்களின் நிறையில் கருந்துளை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதன் இழுப்பு அதிகம் போனால் சில நூறு ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும்.

சக்தியைக் கணக்குப் போட்டால் கதை தலைகீழாகிறது. அந்தக் கருந்துளை வளர்ந்த காலம் முழுக்க வெளிவிட்ட சக்தியையும், கேலக்ஸியின் நடுப்பகுதியைக் கட்டிவைத்திருக்கும் ஈர்ப்புச் சக்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஏறத்தாழ நூறு மடங்கு பெரியது. அதில் ஒரே ஒரு சதவீதம் வாயுவில் தங்கினாலே கேலக்ஸியின் வாயுவையெல்லாம் கலைத்துவிடலாம். சக்திக்குப் பஞ்சமே கிடையாது. வாயு அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் இந்தத் துறையின் முக்கால்வாசிச் சண்டை நடக்கிறது.

அப்போ வெளிச்சம் பட்டாலே வாயு சூடாகிடுமா?

ஓரளவுக்குத்தான். புறஊதா ஒளி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகிறது. அந்த எலக்ட்ரான்கள் மோதி வாயு சூடாகிறது. ஆனால் பத்து, இருபதாயிரம் டிகிரிக்கு வந்ததும், வாயு தானே ஒளியை உமிழ்ந்து சூட்டை இழக்கத் தொடங்கிவிடும். அதன்பின் இன்னும் கொஞ்சம் ஒளியைக் கொட்டினாலும் வெப்பம் பெரிதாக ஏறாது. எக்ஸ்-கதிர்கள் எலக்ட்ரான்கள் மீது நேரடியாக மோதிச் சிதறுவதால் சுமார் இரண்டு கோடி டிகிரி வரை கொண்டுபோக முடியும், ஆனால் குவேசாருக்கு மிக அருகில், ஒளி அடர்த்தியாக இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும்.

மற்றபடி பெரும்பாலான ஒளி மெல்லிய வாயுவை ஊடுருவி வெளியே போய்விடுகிறது. மையத்துக்கு அருகே தூசி நிறைந்த மேகங்கள் இருந்தால் கதை வேறு. தூசி ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒளியின் அழுத்தம் தூசியைத் தள்ளும், தூசியோடு சேர்ந்து வாயுவும் நகரும்.

"குவேசார் காற்று"ன்னு சொல்றாங்களே, விண்வெளியில் ஏது காற்று?

சுழலும் வட்டின் மேற்பரப்பிலிருந்து பெயர்த்து எறியப்படும் வாயுவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரையிலான குவேசார்களின் நிறமாலையில், நீலப் பக்கம் நகர்ந்த அகலமான உறிஞ்சல் பட்டைகள் தெரிகின்றன. நம்மை நோக்கி வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வாயு வருகிறது என்று அதற்கு அர்த்தம். எக்ஸ்-கதிரில் இன்னும் வேகமானவை தெரியும். பிடிஎஸ் 456 என்ற குவேசாரின் காற்று ஒளியின் வேகத்தில் கால்பங்கு அளவுக்குப் பாய்கிறது. அது எல்லாத் திசையிலும் விரிந்து வீசுகிறது என்று 2015-ல் தெரிந்தது. ஒரே சீராக வீசாமல் தனித்தனிக் கட்டிகளாகப் பறக்கிறது என்பதை 2025-ல் கிரிஸ்ம் விண்கலத்தின் அளவீடுகள் காட்டின.

இந்தக் காற்று அசையாமல் நிற்கும் வாயுவில் மோதும்போது அதிர்ச்சி அலை உருவாகி, வெப்பநிலை நூறு கோடி டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடான குமிழி தன் சூட்டை ஒளியாக இழந்துவிட்டால், மிஞ்சுவது வெறும் தள்ளுவிசை மட்டுமே. சூட்டை இழக்காமல் வைத்துக்கொண்டால், விரிந்துகொண்டே போய் முன்னால் இருக்கும் வாயுவையெல்லாம் வாரிக்கொண்டு போகும். இந்த இரண்டுக்கும் நடுவே விளைவில் பல மடங்கு வித்தியாசம் வரும். முன்பு சொன்ன "எவ்வளவு பிடித்துக்கொள்கிறது" என்பதற்கு இது முதல் உதாரணம்.

வாயு வெளியேறுவதை நிஜமாகப் பார்த்திருக்கிறார்களா, எல்லாம் கணக்குதானா?

பார்த்திருக்கிறார்கள். சுமார் 60 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள மார்க்கரியன் 231, நமக்கு மிக அருகிலுள்ள குவேசார்களில் ஒன்று. அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 700 சூரியன் அளவு மூலக்கூறு வாயு வெளியேறுகிறது என்று 2010-ல் ஒரு குழு கணித்தது. அங்கே நட்சத்திரங்களாக மாறும் வாயுவைவிட இது அதிகம். அந்த வேகத்தில் போனால் கையிருப்பு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டில் தீர்ந்துவிடும்.

இதில் ஆச்சரியம், வெளியேறுவது குளிர்ந்த மூலக்கூறுகள் என்பதுதான். கோடி டிகிரிக் காற்றின் நடுவே அவை எப்படிச் சிதையாமல் தப்பின, அல்லது போகும் வழியிலேயே புதிதாக உருவானதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். இந்த மாதிரி எண்களைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாயு மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஊகத்தை மாற்றினாலே விடை பல மடங்கு மாறும்.

வெளியே தள்ளின வாயு திரும்பி வந்துடாதா?

நிறையவே திரும்பி வரும். பால்வழியில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து கேலக்ஸியை விட்டுத் தப்ப வினாடிக்குச் சுமார் 550 கிலோமீட்டர் வேகம் வேண்டும். குவேசார் இருக்கும் கனமான கேலக்ஸிகளில் இன்னும் அதிகம் தேவை. வெளியே போகும் வாயு வழியில் இருக்கும் வாயுவோடு மோதி வேகம் குறைந்து, பெரும்பகுதி ஒளிவட்டத்திலேயே தங்கிவிடும்.

என் பார்வையில் "குவேசார் கேலக்ஸியைக் காலி செய்கிறது" என்ற பிரபலச் சித்திரம் இந்த இடத்தில்தான் தவறான திசையில் இழுத்துப் போகிறது. ஒரு தடவை காலி செய்தால் போதாது. ஒளிவட்டம் குளிர்ந்தால் வாயு மறுபடி இறங்கும். கேலக்ஸி நெடுங்காலம் ஓய்ந்து கிடக்க வேண்டுமென்றால் ஒளிவட்டத்தைத் தொடர்ந்து சூடாகவே வைத்திருக்க வேண்டும்.

சரி, குவேசார் அணைஞ்ச பிறகு யார் சூடாக்குவாங்க?

அதே கருந்துளைதான், வேறு முறையில். விழும் வாயு குறைந்துவிட்டால் பளிச்சென்ற வட்டு மறைந்து, அதற்குப் பதில் இரண்டு எதிர்த்திசைகளில் பாயும் மெல்லிய தாரைகள் சக்தியைச் சுமந்து செல்லும். எம்87 கேலக்ஸியின் தாரையை ஹீபர் கர்ட்டிஸ் 1918-லேயே குறித்துவைத்தார். அதன் கருந்துளையின் நிழலைத்தான் 2019-ல் படமாக வெளியிட்டார்கள்.

இதற்குச் சிறந்த சாட்சி, சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்து. அதன் நடுவே என்ஜிசி 1275 என்ற கேலக்ஸி. அங்குள்ள கோடிக்கணக்கான டிகிரி வாயு எக்ஸ்-கதிரில் ஒளிர்ந்து சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. கணக்குப்படி ஆண்டுக்குப் பல நூறு சூரியன் அளவு வாயு குளிர்ந்து மையத்தில் குவிய வேண்டும். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் இத்தகைய கொத்துகளின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுக்குக் குளிர்ந்த வாயு அங்கே இல்லை. ஏதோ ஒன்று இழப்பை ஈடுகட்டுகிறது.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் விடை கண்ணுக்கே தெரிகிறது. தாரைகள் சூடான வாயுவை ஒதுக்கி, இருண்ட பெரிய குழிகளை உண்டாக்கியிருக்கின்றன. கொதிக்கும் நீரில் எழும் குமிழி போல இவை மெல்ல மேலேறுகின்றன. குழி ஒன்றை உண்டாக்கத் தேவையான வேலையையும் அது மேலேற எடுக்கும் காலத்தையும் வைத்துக் கணக்கிட்டால், பல கொத்துகளில் தாரையின் திறனும் வாயு இழக்கும் சூடும் கிட்டத்தட்டச் சமமாக வருகின்றன. வாயு குளிர்ந்தால் கருந்துளைக்குத் தீனி கூடும், தாரை வலுக்கும், வாயு சூடாகும், தீனி குறையும். தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சுற்று இது.

கருந்துளை "பாடுது"ன்னு ஒரு ஆடியோ சுத்துச்சே, அது உண்மையா?

பாதி உண்மை. பெர்சியஸ் குழிகளைச் சுற்றி வளையம் வளையமாக அழுத்த அலைகள் இருப்பதை 2003-ல் சந்திரா படங்களில் கண்டார்கள். வாயுவில் போகும் அழுத்த அலை என்றால் ஒலிதானே. ஆனால் ஒரு அதிர்வுக்கே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும், பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 எட்டங்கள் (ஆக்டேவ்) கீழே. 2022-ல் நாசா வெளியிட்ட ஆடியோவில் அதைக் காது கேட்கும் அளவுக்குப் பல கோடி கோடி மடங்கு உயர்த்தியிருந்தார்கள்.

வேடிக்கையைத் தாண்டி இதில் விஷயம் உண்டு. குமிழி மேலேறினால் மட்டும் வாயு சூடாகிவிடாது, அந்தச் சக்தி எல்லாப் பக்கமும் பரவ வேண்டும். ஒலி அலைகள் ஒரு வழி, கொந்தளிப்பு இன்னொரு வழி. 2016-ல் ஹிட்டோமி விண்கலம், செயலிழப்பதற்கு முன் கிடைத்த சில வாரங்களில், பெர்சியஸ் மையத்தின் கொந்தளிப்பை வினாடிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் என்று அளந்தது. பலர் எதிர்பார்த்ததைவிட அமைதியான வாயு அது.

இந்தக் குழிகள் எவ்வளவு பெரிசு இருக்கும்?

எம்எஸ் 0735 என்ற கொத்தில் ஒவ்வொன்றும் சுமார் 6 லட்சம் ஒளியாண்டு அகலம். பால்வழி முழுவதுமே ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டுதான். ஒஃபியுகஸ் கொத்தில் 2020-ல் அறிவித்த குழிக்கு இதைப்போல ஐந்து மடங்கு சக்தி தேவைப்பட்டிருக்கும்.

கேலக்ஸிகளுக்கு நடுவில் இருக்கும் வாயுவையும் குவேசார் தொடுமா?

தொடும், இங்கே வேலை செய்வது ஒளி. குவேசாரைச் சுற்றிப் பல கோடி ஒளியாண்டு வரை நடுநிலை (எலக்ட்ரானை இழக்காத) ஹைட்ரஜன் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது அதன் நிறமாலையிலேயே தெரியும். ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிய்க்க ஹைட்ரஜனுக்கு வேண்டியதைப்போல நான்கு மடங்கு சக்தி வேண்டும். சாதாரண நட்சத்திர ஒளியால் அது ஆகாது. ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன், குவேசார்கள் மலிந்திருந்த காலத்தில், பிரபஞ்சம் முழுக்க அந்த வேலையைச் செய்து முடித்தவை அவையே. அதில் கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள வாயு சில ஆயிரம் டிகிரி கூடுதலாகச் சூடானது.

யூஎம் 287 என்ற குவேசாரின் ஒளியில், சுமார் 15 லட்சம் ஒளியாண்டு நீள வாயு இழை ஒன்று ஒளிர்வது 2014-ல் தெரியவந்தது. பிரபஞ்ச வலை என்று வெகுகாலம் கணினியில் மட்டும் பார்த்து வந்ததன் ஒரு துண்டு அது.

குவேசார் எவ்வளவு நாள் எரியும்? எப்படித் தெரியும்?

மொத்தமாகச் சேர்த்தால் பத்து லட்சத்திலிருந்து பத்துக் கோடி ஆண்டுகள் வரை. ஆனால் தொடர்ந்து எரிவதில்லை, விட்டுவிட்டு எரிகிறது. நல்ல சாட்சி ஒன்று 2007-ல் சிக்கியது. கேலக்ஸி ஸூ என்ற பொதுமக்கள் திட்டத்தில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சு ஆசிரியை, ஐசி 2497 கேலக்ஸிக்குப் பக்கத்தில் விசித்திரமாக ஒளிரும் வாயுத் திட்டு ஒன்றைக் கவனித்தார். அந்த அளவுக்கு ஒளிரக் குவேசார் ஒன்று வேண்டும், ஆனால் கேலக்ஸியின் மையமோ மங்கிக் கிடக்கிறது. கடந்த ஒன்றிரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் குவேசார் மங்கிவிட்டது, பழைய ஒளி இப்போதுதான் அந்த வாயுவைத் தொடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

குவேசார் இருக்கும் கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் நன்றாகவே பிறக்கின்றனவே? அப்புறம் எப்படி "நிறுத்துகிறது" என்கிறீர்கள்?

நியாயமான ஆட்சேபம். பல குவேசார் கேலக்ஸிகளில் குளிர்ந்த வாயுவும் ஏராளம், நட்சத்திரப் பிறப்பும் மும்முரம். இரண்டுக்கும் தீனி ஒரே வாயு என்பதால், அது நிறைய இருக்கும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கும். குவேசார் சட்டென்று எரிந்து அணைவதைப் பார்த்தோம். நட்சத்திரப் பிறப்பு ஓய்வதற்கோ பல கோடி ஆண்டுகள் வேண்டும். இன்றைய பிரகாசத்தையும் இன்றைய பிறப்பு வீதத்தையும் ஒப்பிட்டால் தொடர்பு தெரியாமல் போவது இயல்பே.

கருந்துளையின் மொத்த நிறையைப் பார்க்க வேண்டும். அதுவரை அது கொட்டிய சக்தி முழுவதற்கும் கணக்கு அந்த நிறை. ஒரு கேலக்ஸி ஓய்ந்துவிட்டதா என்பதை இந்த நிறை மற்ற அளவுகளைவிட நன்றாகக் கணிக்கிறது என்று சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. ஒளிவட்டத்தைச் சூடாக வைத்திருப்பதே பெரிய விஷயம் என்று மேலே சொன்னதோடு இது பொருந்துகிறது.

எதிர்மாறா, நட்சத்திரம் பிறக்கவும் வைக்குமா?

சில இடங்களில். தாரை ஒரு குளிர்ந்த மேகத்தை அழுத்தினால் அது சுருங்கி நட்சத்திரங்களாகலாம். என்ஜிசி 541 கேலக்ஸியின் தாரை மோதும் இடத்தில் உள்ள, மின்கோவ்ஸ்கி பொருள் எனப்படும் சிறு கேலக்ஸி இதற்கு உதாரணம். மொத்தக் கணக்கில் இது சில்லறை வரவுதான்.

கருந்துளை நிறைக்கும் கேலக்ஸிக்கும் ஒரு உறவு இருக்காமே, அதுவே போதுமான ஆதாரம் இல்லையா?

நடுப்பகுதி நட்சத்திரங்களின் வேகம் கூடினால் கருந்துளை நிறையும் செங்குத்தாகக் கூடுகிறது என்று 2000-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. கருந்துளை வளர்ந்து ஒரு எல்லையைத் தொட்டதும் தன் காற்றால் தீனியைத் தானே ஊதித் தள்ளிவிடும் என்ற யோசனையை வானியற்பியலாளர்கள் சில்க்கும் ரீஸும் 1998-லேயே முன்வைத்திருந்தார்கள். இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன.

ஆனால் கேலக்ஸிகள் பலமுறை மோதி இணைந்தாலே சராசரியாக இப்படியொரு உறவு தானாக வந்துவிடும் என்ற வாதமும் உண்டு. ஆகவே இதைத் துணைச் சாட்சியாகத்தான் வைப்பேன். பெர்சியஸ் குழிகள் முதல் சாட்சி.

சிமுலேஷன்ல எண்ணைத் திருப்பித்தானே வேணும்கிற விடையை வரவைக்கிறாங்க?

ஓரளவு ஆமாம். கருந்துளையின் வட்டும் கேலக்ஸியின் ஒளிவட்டமும் அளவில் ஒன்றுக்கொன்று கோடி மடங்கு வேறுபட்டவை, ஒரே கணக்கில் இரண்டையும் அடக்க முடியாது. அதனால் "விழும் சக்தியில் இத்தனை சதவீதம் வாயுவுக்குப் போகும்" என்று ஒரு விதியை எழுதிவிட்டு, உண்மையான கேலக்ஸிகளின் எண்ணிக்கையோடு பொருந்தும்வரை திருத்துகிறார்கள். இந்த விதி இல்லாவிட்டால் கனமான கேலக்ஸிகள் அநியாயத்துக்குப் பெருத்துவிடுகின்றன.

சரியான சோதனை, திருத்தும்போது பயன்படுத்தாத ஒன்றைக் கணிப்பது. ஒளிவட்ட வாயு அதற்குப் பொருத்தமானது. 2014-இன் இல்லஸ்ட்ரிஸ் என்ற சிமுலேஷன் கேலக்ஸிகளின் எண்ணிக்கையை ஓரளவு சரியாகத் தந்தது, ஆனால் கேலக்ஸிக் குழுக்களிலிருந்து வாயுவை அளவுக்கு மீறித் துரத்திவிட்டது. அடுத்து வந்த இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி அந்த விதியை மாற்றி எழுதியது. இப்போது நுண்ணலைப் பின்னணி அளவீடுகள் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. பல சிமுலேஷன்கள் சொல்வதைவிட வாயு இன்னும் வெளியே பரவிக் கிடக்கிறது என்கின்றன அவை.

நம்ம பால்வழியில் இப்படி நடந்திருக்கா? இனிமேல் நடக்குமா?

ஏதோ நடந்திருக்கிறது. கேலக்ஸித் தட்டுக்கு மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு இரண்டு குமிழிகள் இருப்பது 2010-ல் ஃபெர்மி விண்கலத் தரவில் தெரிந்தது. அவற்றைச் சூழ்ந்த இன்னும் பெரிய எக்ஸ்-கதிர்க் குமிழிகளை 2020-ல் ஈரோசிட்டா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி காட்டியது. நடுவிலிருக்கும் கருந்துளையின் பழைய வெடிப்பா, மையத்தில் கூட்டமாகப் பிறந்து மடிந்த நட்சத்திரங்களா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நம் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன் நிறை கொண்டது. குவேசார்களின் தரத்தில் சின்னதுதான். இப்போது அது ஆண்டுக்கு விழுங்குவது சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்ட்ரோமெடாவோடு மோதினால் புதிய வாயு மையத்துக்கு இறங்கலாம். அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் அந்த மோதல் நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்று 2025-ல் வந்த கணக்கீடு ஒன்று சொல்கிறது.